கொரோனா வதந்தியை நம்பியதால் ஓட்டு மாறியதா, ஓட்டே போடாமல் போனார்களா?

மஞ்சக்குப்பம்:
2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல் அன்று நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. பூத் வாசலில் தெர்மல் ஸ்கேனர் வைத்துப் பார்ப்பார்கள், உடம்பு சுட்டால் அப்படியே முகாமுக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. எந்தத் தேர்தலையும் விடாத என் பெரியம்மா அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார். கொரோனாவே பொய் என்று சொல்லிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அண்ணனோ மாஸ்க் இல்லாமல் முதல் ஆளாகப் போய் நின்றார். உங்கள் பக்கம் எப்படி?

நெல்லித்தோப்பு:
புதுச்சேரிக்கும் அன்றுதான் தேர்தல், நான் பூத் வேலையில் இருந்தேன். காய்ச்சல் இருந்தால் டோக்கன் கொடுத்துக் கடைசி ஒரு மணி நேரத்தில் வரச் சொல்ல வேண்டும், விதி அவ்வளவுதான். இதை ஒரு வாரம் முன்னாடியே தெருத்தெருவாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தால் உங்கள் பெரியம்மா வந்திருப்பார். கையுறை போட்டால் பட்டன் பதியாது என்று அதைக் கழற்றி எறிந்தவர்களையும் பார்த்தேன்.

ஓ.டி. கடலூர்:
பெரியம்மா பயந்ததில் தப்பே இல்லை. 2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்களால் நம் கடலூர் மாவட்டத்தில் தொற்று கூடியபோது வண்டி வந்து ஆட்களை ஏற்றிப் போனதையும் தெருவை அடைத்ததையும் நாம் எல்லாரும் பார்த்தோம், அந்தக் குரல் பதிவு அதன் மேல்தான் ஏறி உட்கார்ந்தது. கட்சி மாறியதா என்றால், எனக்குத் தெரிந்தவரை இல்லை. ஆட்சி மேல் ஏற்கெனவே கோபமாக இருந்தவர்தான் கொரோனா கணக்கே பொய் என்று நம்பினார், முன்பு போட்ட சின்னத்துக்கே மறுபடியும் போட்டார்.

லாஸ்பேட்டை:
அமெரிக்காவிலும் 2020 நவம்பரில் தபால் ஓட்டில் மோசடி என்று டிரம்ப் சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் கட்சிக்காரர்கள் பலர் தொற்றுக் காலத்திலும் நேரில் போய்த்தான் ஓட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒன்று, தடுப்பூசிப் பயத்தை இதோடு சேர்க்காதீர்கள். நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட பிறகு இறந்தது ஏப்ரல் 17, நம் ஓட்டு முடிந்து 11 நாள் கழித்து. அவர் இறப்புக்கு ஊசி காரணமில்லை என்று நிபுணர் குழு பிறகு சொன்னது.

மஞ்சக்குப்பம்:
சரி, இப்போது புரிகிறது. 2022 பிப்ரவரி 19 மாநகராட்சித் தேர்தலுக்குப் பெரியம்மாவை நானே கூட்டிப் போனேன். வாசல் தாண்டும் வரை என் கையை விடவே இல்லை.