கொக்குவில் குடும்பம் (லண்டன்): ஞாயிறு நடை

வசந்தி அக்கா: தங்கம் மாமிக்கு செவ்வாய்க்கிழமை பிளைட். வந்த நாள் முதல் ஹரோவையும் கோயிலையும் மருந்துக் கடையையும்தான் பார்த்திருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை எங்காவது பச்சையான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். யார் யார் வருகிறீர்கள்?

பிரபா: கடற்கரை?

சுகி: ஒக்டோபரிலா

பிரபா: சும்மா கேட்டேன்

ராசன் அண்ணை: நான் ஏற்கனவே பார்த்து வைத்துவிட்டேன். நோல் பார்க், செவனோக்ஸ், கென்ட். லண்டன் பிரிட்ஜில் ஏறினால் அரை மணித்தியாலம் அளவில் செவனோக்ஸ் ஸ்டேஷன், அங்கிருந்து நடக்கலாம், காரில் வந்தாலும் சரி. ஆயிரம் ஏக்கர், உள்ளே மான்கள் தங்கள் பாட்டில் திரியும், நடந்து போக டிக்கெட் இல்லை. நடுவில் இருக்கிற மாளிகையை 1456இல் கன்டர்பரி பேராயர் போர்ச்சியர் வாங்கிக் கட்டத் தொடங்கினார், பிறகு எட்டாம் ஹென்றி பேராயர் கிரான்மரிடமிருந்து அதைக் கேட்டு வாங்கினார், ராஜா கேட்டால் கொடுக்காமல் என்ன செய்வது. அதன்பிறகு சாக்வில் குடும்பம் வந்து நானூறு வருடத்துக்கு மேலாக அங்கேயே இருக்கிறது. வீட்டை 1946இல் பழைய வீடுகளைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டு ஒரு பகுதியில் இன்னும் அவர்கள்தான் குடியிருக்கிறார்கள்.

குமார் அத்தான்: ஓம்

ராசன் அண்ணை: 365 அறை, 52 படிக்கட்டு, 7 முற்றம் என்று ஒரு கதையும் இருக்கிறது. யாரும் ஒழுங்காக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சுகி: டாய்லெட் எத்தனை? மாமிக்கு அதுதான் முக்கியம்

ராசன் அண்ணை: பாதையையும் சொல்கிறேன். வீட்டு வாசலில் தொடங்கி செஸ்ட்நட் வோக் வழியாகக் கீழே இறங்கி, மதில் கதவால் வெளியே வந்து கிரீன்சாண்ட் வேயைப் பிடிக்க வேண்டும் (அது ஹாசில்மியர் தொடங்கி ஹாம்ஸ்ட்ரீட் வரைக்கும் 108 மைல், பயப்பட வேண்டாம், நாங்கள் கொஞ்சத் தூரம்தான்). வன் ட்ரீ ஹில், அப்புறம் ஐத்தம் மோட், அது அகழி சூழ்ந்த பழைய வீடு, கிட்டத்தட்ட எழுநூறு வருடம் பழசு, அங்கே தேநீர் குடித்துவிட்டு கொடன் கிரீன் பக்கமாகச் சுற்றி நோலுக்கே திரும்பி வரலாம்.

தர்ஷன்: மொத்தம் எத்தனை மைல் மாமா

ராசன் அண்ணை: எட்டுக்குக் குறையாது. மெதுவாகப் போகலாம்.

தர்ஷன்: 74 வயது ஆளை எட்டு மைல் நடத்தப் போகிறீர்களா

ராசன் அண்ணை: மாமி நல்லூர்த் திருவிழா 25 நாளும் கொக்குவிலிலிருந்து வெறுங்காலோடு நடந்து போன ஆள்.

வசந்தி அக்கா: அது 1980இல் அண்ணை. இப்போது முழங்காலுக்கு எண்ணெய் பூசித்தான் படுக்கிறா.

குமார் அத்தான்: மச்சான் போன முறை உங்களை நம்பி வந்துதான் மாட்டுக் கூட்டத்துக்கு நடுவில் நின்றோம்

ராசன் அண்ணை: அவை பசுக்கள். எருது இல்லை.

குமார் அத்தான்: கிட்டப் போய்ப் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை

சுகி: ஐயோ அத்தான் வேலியில் காற்சட்டை கிழிந்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது

குமார் அத்தான்: அழி

சுகி: (படம்)

பிரபா: ஹாஹாஹா

ராசன் அண்ணை: விஷயத்துக்கு வாருங்கள். ஒக்டோபர் ஆண் மான்கள் இணை தேடி ஒன்றோடு ஒன்று மோதுகிற காலம். கொம்பு கை விரித்தது போல் அகலமாக இருப்பது ஃபாலோ, மற்றது சிகா. இரண்டுக்கும் கிட்டப் போகக் கூடாது, சாப்பாடு கொடுக்கவே கூடாது, பழகிப்போனால் ஆட்களை முட்டும்.

சுகி: மாமி நேற்றே கரட் வெட்டி டப்பாவில் போட்டுவிட்டா

தங்கம் மாமி: கரட் எனக்கு. பெரிதாக இருந்தால் பல்லுக்கு ஏலாது, அதனால் வெட்டினேன். மானுக்கு என்றது உன்ர மகள்தான் பிள்ளை.

வசந்தி அக்கா: மாமி நீங்கள் இன்னும் படுக்கவில்லையா

பிரபா: சாப்பாடு யார்? நான் மட்டன் ரோல்ஸ் எடுத்து வரலாம், கடையில் சொன்னால் சனி பின்னேரம் தருவார்கள்

வசந்தி அக்கா: மாமி கேதார கௌரி விரதம் பிடிக்கிறா

பிரபா: மாமிக்கு இல்லை, எங்களுக்கு

வசந்தி அக்கா: விரதக்காரர் முன்னால் இருந்து மட்டன் ரோல் சாப்பிடப் போகிறாயா

குமார் அத்தான்: கொஞ்சம் தள்ளி இருந்து சாப்பிடலாம்

ராசன் அண்ணை: மரங்களையும் பாருங்கள். பீச், ஓக், செஸ்ட்நட். இவற்றில் நிறைய பிறகு நட்டவை. 1987 ஒக்டோபர் 15 இரவு அடித்த புயலில் அந்தப் பூங்காவின் மரங்களில் பெரும்பகுதி சாய்ந்துவிட்டது, ஊருக்குள் கிரிக்கெட் மைதானத்தில் நின்ற ஏழு ஓக்கில் ஆறு ஒரே இரவில் போனது.

தங்கம் மாமி: எண்பத்தேழு ஒக்டோபரில் நாங்கள் கொக்குவில் இந்துக் கல்லூரியில் அகதியாக இருந்தோம். உங்கட மாமா ஷெல்லுக்குள்ளே வீட்டுக்கு ஓடிப்போய் அரிசி எடுத்து வந்தார். இங்கே மரம் விழுந்ததா?

ராசன் அண்ணை: ஓம் மாமி.

வசந்தி அக்கா: மாமி பிரஷர் குளிசை போட்டீர்களா

தங்கம் மாமி: போட்டேன்

தர்ஷன்: பீட்டில்ஸ் 1967இல் நோல் பார்க்கில்தான் வீடியோ எடுத்தார்கள் தெரியுமா

பிரபா: யார் அது

தர்ஷன்: மாமா!!!

சுகி: அந்த வீடு இப்போது யாருக்கு? பிள்ளைகள் இல்லையா

ராசன் அண்ணை: நல்ல கேள்வி. வீட்டா சாக்வில்-வெஸ்ட் என்று ஒரு எழுத்தாளர், 1892இல் அந்த வீட்டிலேயே பிறந்தவர், தகப்பனுக்கு ஒரே பிள்ளை. 1928இல் தகப்பன் இறந்ததும் பெண் என்பதால் வீடு அவருக்குக் கிடைக்கவில்லை, சித்தப்பாவுக்குப் போய்விட்டது. வீட்டா பிறகு சிசிங்ஹர்ஸ்ட் என்ற இடத்தை வாங்கித் தோட்டம் போட்டார், அதுவும் கென்ட்தான்.

வசந்தி அக்கா: எங்களிடம் மறுவளம். வீடு பெண்ணுக்குச் சீதனம், ஆணுக்குக் கை வீசிக்கொண்டு நடை.

ராசன் அண்ணை: அதைத்தான் சொல்கிறேன். தாத்தா வீட்டை மாமிக்கு எழுதினது சரி, யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம். ஆனால் பின் வளவுக் கிணறு அப்பா கொழும்பில் உழைத்து அனுப்பின காசில் வெட்டினது, காணி உறுதியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிரபா: அண்ணை வேண்டாம்

சுகி: இது நடைப் பயணக் குழு

தங்கம் மாமி: கிணறு உன்ர அப்பாவின் காசுதான். நான் எங்கே இல்லை என்றேன். இறைக்கிற மோட்டர் மூன்று தரம் மாற்றினது யாருடைய காசு என்றும் கேள் தம்பி.

குமார் அத்தான்: ஞாயிறு மழையா?

வசந்தி அக்கா: அண்ணை, மாமியும் நானும் சுகியும் பூங்காவுக்கு உள்ளே மட்டும் ஒரு சின்னச் சுற்று. வீட்டிலிருந்து செஸ்ட்நட் வோக், அப்படியே ஒரு வளையம், திரும்பித் தேநீர். நீங்கள் விரும்பினால் உங்கள் எட்டு மைலை நடந்துவிட்டு வாருங்கள்.

ராசன் அண்ணை: தனியாகவா

தர்ஷன்: நான் வருகிறேன் மாமா

குமார் அத்தான்: நானும், ஆனால் மாடு இருந்தால் திரும்பிவிடுவேன்

தங்கம் மாமி: நானும் கதவு வரைக்கும் வந்து பார்க்கிறேன். ஏலுமென்றால் அந்த அகழி வீட்டுக்கும்.

வசந்தி அக்கா: மாமி!

ராசன் அண்ணை: பார்த்தாயா. செருப்போடு வர வேண்டாம் மாமி, சேறு. சுகியின் சப்பாத்து அளவாக இருக்குமா? பார்க்கிங் என் டிரஸ்ட் கார்டுக்கு இலவசம், மற்ற காருக்குக் காசு, ஆகவே ஒரே காரில் எத்தனை பேர் என்று சொல்லுங்கள். பத்து மணிக்கு ஹரோவில்.

சுகி: பத்துக்கு மகளுக்கு வீணை வகுப்பு. பதினொன்றரை?

வசந்தி அக்கா: பூசை முடித்துத்தான் மாமி வெளிக்கிடுவா, பதினொன்று

ராசன் அண்ணை: அப்படியென்றால் ஐத்தம் மோட்டில் தேநீர்க் கடை பூட்டுவதற்குள் போய்ச் சேர ஏலாது.

ராசன் அண்ணை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரபா: என்ன அழித்தீர்கள்

ராசன் அண்ணை: ஒன்றுமில்லை.

பிரபா: எத்தனை மணிக்கு?

வசந்தி அக்கா: மேலே பார்

பிரபா: மேலே மூன்று நேரம் இருக்கிறது அக்கா

குமார் அத்தான்: ரோல்ஸ் சொல்லவா வேண்டாமா, கடைக்கு வெள்ளிக்குள் சொல்ல வேண்டும்