அரைக் கண்மாயைப் பங்கிடுதல்: இரண்டு அனுபவங்கள்

பாசன ஏரிகளான கண்மாய்களின் சீரமைப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பாக ஈடுபட்டிருந்த காலத்தில், சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உடனிருந்து கண்ட பேச்சுவார்த்தையை இங்கே பகிர்கிறேன். வடகிழக்குப் பருவமழை இடையில் நின்றுபோன ஆண்டு அது. பெருகிய கண்மாயிலும் சண்டை இல்லை, வறண்ட கண்மாயிலும் சண்டை இல்லை, அரைக் கண்மாய்தான் ஊரைப் பிரிக்கும் என்று மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் பணியாளரான அவ்வூர் நீர்பாய்ச்சி சொன்னார். அடுத்து வந்த வாரங்கள் அவர் சொன்னபடியே நடந்தன.

கண்மாய்க்கு அருகில் நிலமுள்ள தலைமடைக்காரர்கள் நட்டு முடித்திருந்தார்கள். வாய்க்காலின் கடைசியில் நிலமுள்ள கடைமடைக்காரர்களின் நாற்று இன்னும் நாற்றங்காலிலேயே நின்றது. மீன் குத்தகையை ஏலம் எடுத்தவருக்கு, குஞ்சு வளரும்வரை தண்ணீர் கண்மாயில் நிற்க வேண்டும். ஆட்டுக்காரர்களுக்கும் மாடு வைத்திருந்தவர்களுக்கும் கோடை முழுவதும் கால்நடைகள் குடிக்கக் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும். இவர்களில் முதல் இரு தரப்பாருக்கு மட்டுமே கூட்டத்துக்கு அழைப்புப் போயிருந்தது. பாசன மேலாண்மைக்கென்று 2000-ஆம் ஆண்டில் வந்த சட்டமும் ஆயக்கட்டில், அதாவது பாசனம் பெறும் பரப்பில், நிலம் உள்ளவர்களை மையமாக வைத்தே நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களை அமைக்கிறது. நிலமற்றவர் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் அதே நீரைத்தான் நம்பியிருக்கிறார் என்றாலும் அவருக்கு அங்கே நாற்காலி இல்லை. பதிவேட்டில் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற வரி கூட்டம் தொடங்குமுன்பே எழுதப்பட்டுவிடுவதையும் நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

முதல் கூட்டத்தில் தலைமடைப் பெரியவர்கள் பேசினார்கள், கடைமடைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முறைவைத்துத் தண்ணீர் விட முடிவாயிற்று. அன்றிரவே யாரோ மடையின் அடைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். வாய் திறந்து மறுக்க முடியாதவர் வேறு வழியில் மறுக்கிறார் என்பதே என் கணிப்பு. அதன்பின் கூட்டம் போடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தரப்பாரையும் அவரவர் வயலிலும் கிடையிலும் போய்ப் பார்த்தோம். கண்மாய்க்குள் வண்டல் எங்கே மேடிட்டிருக்கிறது, இப்போது நிற்கும் தண்ணீர் எத்தனை நனைப்புக்குக் காணும் என்பதை நீர்பாய்ச்சி ஒருவரே ஏக்கர் கணக்கில் சொல்லக்கூடியவராக இருந்தார். அறுவடையில் நெல்லாக அவருக்குத் தர வேண்டிய கூலி இரண்டு போகமாக நிலுவையில் கிடந்தது. ஊரே நம்பும் கணக்கைச் சொல்பவருக்கு ஊரே கடன்பட்டிருந்தது.

உடன்பாடு பிறந்தது மடைக் கல்லின் அருகில்தான். அந்தக் கல்லில் எல்லாரும் பார்க்கும்படி ஒரு கோடு வெட்டப்பட்டது. நீர்மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எவர் கேட்டாலும் மடை திறக்கப்படாது. எஞ்சிய நீர் கால்நடைகளுக்கும் மீனுக்கும் என்று ஆயிற்று. கடைமடைக்காரர்கள் அவ்வாண்டு தங்கள் நிலத்தில் பாதியில் மட்டும் நட்டுக்கொள்ளவும், மறுபாதிக்கு ஈடாகத் தலைமடைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நெல் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள். கோட்டினால் பயன்பெறும் குத்தகைக்காரர் நீர்பாய்ச்சியின் நிலுவையில் ஒரு பங்கை ஏற்றார். எவருக்கும் முழு மகிழ்ச்சி இல்லை. ஆனால் மடையின் அடைப்பு மறுபடி பிடுங்கப்படவில்லை. கணக்கு நியாயமாக இருந்தது மட்டும் இதற்குக் காரணமில்லை. கோட்டை யார் வேண்டுமானாலும் நடந்துபோய்ப் பார்த்துக்கொள்ளலாம், எவர் சொல்லையும் நம்ப வேண்டியதில்லை என்பதும் காரணம்.

 

*

மற்றொருவரின் அனுபவம், பாக் விரிகுடாக் கரையிலிருந்து:

கண்மாயில் கோடு வெட்டலாம், கடலில் முடியாது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியிருந்தாலும், எங்கள் கடல் அகலம் குறைந்தது, ஆழமும் குறைந்தது; இடத்தைப் பிரித்துப் பயன் இல்லை. எழுபதுகளில் வலைகள் அறுபட்டு, படகுகள் எரிந்து, உயிர்களும் போன பிறகு, இராமநாதபுரம் மாவட்டத்தில் நாளைப் பிரித்துக்கொண்டோம். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. பேசி முடித்த ஏற்பாட்டுக்கு அரசாணை பிறகுதான் வந்தது. நாட்டுப்படகு வீட்டில் பிறந்த நான் அந்த நான்கு நாளில் வளர்ந்தவன். அந்த ஏற்பாட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆயினும், முதல் பகிர்வில் வந்த ஆட்டுக்காரரைப் போல, எங்கள் பேச்சிலும் அழைக்கப்படாத ஒரு தரப்பு இருந்தது. நாங்கள் விசைப்படகுகளுக்கு விட்டுக்கொடுத்த அந்த மூன்று நாளில்தான் யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளின் சிறு மீனவர்கள், எல்லை தாண்டி வரும் அந்த விசைப்படகுகளால் வலையை இழப்போமோ என்று கடலுக்குப் போகத் தயங்குகிறார்கள். இலங்கையில் போர் முடிந்தபின், 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவர்களும் சென்னையில் நேருக்கு நேர் அமர்ந்து, தமிழக விசைப்படகுகள் ஓராண்டுக்கு 70 நாள் மட்டும் அங்கே மீன்பிடித்துவிட்டுப் பிறகு நிறுத்துவது என்று பேசி முடித்தார்கள். இரண்டு அரசுகளும் அதை ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. விசைப்படகுகள் கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டப்படி தடைசெய்தது. கடன் வாங்கிப் படகு கட்டியவர் அந்தக் கடனை எதைக்கொண்டு அடைப்பார் என்ற கேள்விக்கு அவர் ஏற்கும்படியான பதில் இன்னும் கிடைக்காததால், விசைப்படகுகள் இன்றும் எல்லை தாண்டிப் போகின்றன.