வேலை கையில் இல்லாமல் ஜெர்மனிக்குப் போகலாமா? சான்சன்கார்ட்டே பற்றி ஒரு விவாதம்

நெய்வேலி நிலவன்:
சான்சன்கார்ட்டே என்பது வேலை தேடுவதற்காக ஓராண்டு வரை ஜெர்மனியில் தங்கவிடும் அனுமதி. 2024 ஜூனில் வந்ததிலிருந்து "ஆறு பாயின்ட் இருந்தால் கிளம்பிவிடு" என்ற பேச்சுதான் எங்கும் (படிப்பு, அனுபவம், மொழி, வயது பார்த்துப் பாயின்ட் தருவார்கள்). நான் வேண்டாம் என்கிறேன். 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ வீதம் ஓராண்டுக்கு 13,092 யூரோ பிளாக்ட் அக்கவுன்டில், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், காட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் 13 லட்சம். வாடகை, சாப்பாடு என்று அது மாதாமாதம் கரையும். வேலை அமையாவிட்டால் அந்தப் பணமும் போய், இங்கே விட்ட வேலையும் போயிருக்கும். சென்னையில் இருந்தபடியே ஆஃபர் வாங்கினால் புளூ கார்டு (பட்டதாரிகளுக்கான ஐரோப்பிய வேலை அனுமதி) விசாவுக்கு இந்த அக்கவுன்டே தேவையில்லை.

ஷ்டுட்கார்ட் செல்வி:
தம்பி, முதலில் அந்தப் பாயின்ட் கதையைச் சரிசெய்துவிடலாம். பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு முழுமையாக ஈடானது என்றால் பாயின்ட்டே எண்ண வேண்டாம், நேராகத் தகுதி உண்டு. வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மன் பட்டத்தோடு ஒப்பிடும் அனபின் தளத்தில் இரண்டு இடம் பார்க்கணும். பல்கலைக்கழகத்துக்கு எச் பிளஸ் (அங்கீகாரம் உண்டு என்ற குறி) இருக்கணும். பட்டத்துக்கு நேரே "எண்ட்ஷ்ப்ரிஹ்ட்" அல்லது "க்ளைஷ்வெர்டிஷ்" என்று, அதாவது ஈடானது என்று, இருக்கணும். பலர் படித்த கல்லூரியின் பெயரைத் தேடிவிட்டு "இல்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். தேட வேண்டியது பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தை. அனபினில் பட்டம் இல்லாவிட்டால், வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் ஜெர்மன் அலுவலகமான இசட்ஏபி-யில் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம்.

ஆஃபர் விஷயத்துக்கு வருகிறேன். ஐடி ஆட்களுக்கு வெளிநாட்டிலிருந்தே இன்டர்வியூ நடக்கும். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் ஆட்களை எடுக்கும் நடுத்தரக் கம்பெனிகள் நேரில் பார்க்காமல் முடிவெடுக்கத் தயங்கும். கார்டு இருந்தால் ஒவ்வொரு கம்பெனியிலும் இரண்டு வாரம் வரை சோதனை வேலை பார்க்கலாம். தயங்கும் முதலாளியை ஒப்புக்கொள்ள வைப்பது அதுதான்.

நெய்வேலி நிலவன்:
சோதனை வேலைக்குக் கூப்பிடுவதற்கே ஜெர்மன் வேண்டுமே அக்கா. ஏ1 (ஜெர்மன் மொழியின் ஆரம்ப நிலை) முடித்துவிட்டு ஷாப் ஃப்ளோரில் யாரோடு பேசுவது? தாள் அளவில் தகுதி இருக்கும், ஆனால் டிராயிங்கைப் பார்த்து ஃபோர்மேன் கேட்கும் முதல் கேள்வியே புரியாது.

குமரி மருதன்:
இருவரும் தொடாத ஒன்று காப்பீடு. வேலை இல்லாமல் இந்தக் கார்டில் வருபவரை அரசு மருத்துவக் காப்பீட்டில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. தனியார் பாலிசி எடுக்கணும். கார்டில் வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலைக்கு அனுமதி உண்டு என்பதால் பலர் மினிஜாப் பிடிக்கிறார்கள். 2025-ல் மாதம் 556 யூரோ வரை சம்பளம் உள்ள சிறு வேலைதான் மினிஜாப். அந்த வரம்புக்குள் வேலை பார்த்தால் அரசுக் காப்பீடு வராது. வரம்பைத் தாண்டினால்தான் கட்டாயக் காப்பீட்டுக்குள் வருவீர்கள். அதே 2025-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ; வாரம் 20 மணி என்றால் மாதம் சுமார் 1,110 யூரோ, பிடித்தம் போகக் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ஆக, 20 மணியும் முழுசாகப் பாருங்கள், அல்லது தேடலில் மட்டும் இறங்குங்கள். நடுவில் பத்து மணி நேர வேலை, நேரத்தையும் தின்று காப்பீடும் தராது.

ஷ்டுட்கார்ட் செல்வி:
மருதன் சொல்வது மிகச் சரி. கூடவே முகவரிப் பதிவு. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யணும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச் சீட்டு வேண்டும். குறுகிய கால வாடகைக்கு விடுபவர்களில் பலர் அதைத் தர மாட்டார்கள். பணம் கட்டும் முன்பே "பதிவுக்குச் சீட்டு தருவீர்களா" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். பதிவு செய்தால்தான் வரி எண் தபாலில் வரும். அது இல்லாமல் வேலையில் சேர்ந்தால் ஆறாம் வகுப்பு வரி பிடிப்பார்கள், சம்பளம் பாதியானதுபோல் இருக்கும்.

நெய்வேலி நிலவன்:
நீங்கள் இருவரும் அடுக்குவதைப் பார்த்தாலே என் பக்கம்தான் வலுக்கிறது. ஓராண்டில் முதல் இரண்டு மாதம் வீட்டுக்கும் பதிவுக்கும் போகும். ஆஃபர் வந்தாலும் முழுநேர வேலையில் உடனே சேர முடியாது. வெளிநாட்டினர் அலுவலகம் புது அனுமதி தரணும், பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட்டுக்கே மாதக்கணக்கில் காத்திருப்பு. சென்னையிலிருந்து போகும்போது கம்பெனியே 411 யூரோ கட்டி விசாவுக்கு விரைவு நடைமுறையில் போடலாம்.

சம்பள வரம்பும் இருக்கிறது. 2025-ல் புளூ கார்டுக்கு ஆண்டுக்கு 48,300 யூரோ; பொறியாளர் மாதிரி பற்றாக்குறைத் தொழில்களுக்கு 43,759.80. ஆண்டுதோறும் ஏறுகிறது. பத்தாவது மாதத்தில் பதற்றத்தில் இருப்பவர் 40,000-க்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதோடு, பி1 (ஜெர்மன் மொழியின் இடைநிலை) இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வதிவிடம் தரும் புளூ கார்டு பாதையும் கைவிட்டுப் போகும்.

ஷ்டுட்கார்ட் செல்வி:
பதற்றம் பற்றிச் சொன்னது உண்மை, மறுக்கவில்லை. அதற்காகப் பாதையையே மூட வேண்டாம் என்கிறேன். ஊரிலேயே பி1 முடித்துவிட்டுப் போகிறவருக்குக் கணக்கு வேறு. விசாவுக்குப் போட்ட அன்றிலிருந்தே விண்ணப்பம் அனுப்ப வேண்டும், ஜெர்மனியில் இறங்கிய பிறகு அல்ல.

அனுபவச் சான்றிதழையும் கிளம்பும் முன்பே மாற்றி வாங்குங்கள். நம்மூர்க் கடிதத்தில் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணிபுரிந்தார், நடத்தை நன்று" என்று இரண்டு வரி இருக்கும். அங்கே எதிர்பார்ப்பது, என்ன மெஷின், எந்த மென்பொருள், எத்தனை பேர் கொண்ட குழு, என்ன பொறுப்பு என்று ஒரு பக்கம். வேலையை விட்ட பிறகு ஹெச்ஆரிடம் அதை வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

நெய்வேலி நிலவன்:
பி1 இருந்து, 13 லட்சமும் கடன் வாங்காத பணம் என்றால் நான் தடுக்க மாட்டேன். நகையை அடகு வைத்து அக்கவுன்ட் நிரப்பி, ஏ1-ஓடு கிளம்புகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்: வேண்டாம்.

குமரி மருதன்:
பணம் பற்றி ஒன்று சேர்த்துவிடுகிறேன். ஜெர்மனியில் பகுதிநேர வேலைக்கான ஒப்பந்தம் முன்கூட்டியே கிடைத்தால், அந்த வருமானத்தையும் கணக்கில் காட்டலாம். அக்கவுன்டில் போட வேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறையும். ஒப்பந்தத்தில் வார மணி நேரமும் மொத்தச் சம்பளமும் தெளிவாக எழுதியிருக்கணும், மணி 20-ஐத் தாண்டக் கூடாது.