பயிர்க்காவல் துவக்குகளில் தொடவே கூடாதது எது?

குடலைக்கதிர் (கேள்வி):

ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கம் காலபோக நெல்லு குடலைக்கு வரப்போகுது. பண்டி இறங்கினால் ஒரு இரவு காணும். பயிர்க்காவல் லைசன்ஸில எடுக்கிறதுக்கு இப்ப கதைபடுறது எல்லாம் பழைய துவக்குகள்தான்: குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கிற சுத்தியல்) வெளியில தெரியாத இரட்டைக்குழல் ஒண்டு, குதிரை வைச்ச ஒற்றைக்குழல் ஒண்டு, 16 போர் (குழலின்ரை அளவு, இலக்கம் கூடினால் குழல் சின்னன்) ஒண்டு. எது திறம் எண்டு கேக்கேல்லை. எதிலை கை வைக்கக்கூடாது, ஏன், அதை நாங்களே பாத்துப் பிடிக்கிறது எப்பிடி? துவக்கு வைச்சிருக்கிற ஆக்களும் திருத்துற ஆக்களும் சொல்லுங்கோ. கம்பெனிப் பேர் வேண்டாம், பழுதைச் சொல்லுங்கோ.

ஒற்றைக்குழல்:

தம்பி, கம்பெனிப் பேரை விட்டது நல்லது. ஒரே கம்பெனி 1890 இல செய்த குழலும் 1960 இல செய்த குழலும் ஒண்டில்லை.

முதல்ல குழலின்ரை வெளிப்பக்கத்தை வெயிலுக்குப் பிடிச்சுப் பாருங்கோ. அலை அலையா வரி ஓடினால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் உருக்கையும் சேர்த்து முறுக்கி, ஒரு தண்டிலை சுத்தி, காய்ச்சி அடிச்சு ஒட்டினது. அந்தக் காலத்துக் கரிமருந்துக்குச் செய்த சாமான். ஒட்டின இடத்துக்குள்ள துரு ஏறினால் வெளியிலை ஒண்டும் தெரியாது, வெடிக்கிற அண்டைக்குத்தான் தெரியும். புகையில்லா மருந்துக்குச் சோதிச்சு முத்திரை போட்ட டமாஸ்கஸும் உலகத்திலை இருக்கு, இல்லையெண்டில்லை. ஆனால் மாரி ஈரத்திலை கொட்டில் கூரையில செருகிக் கிடந்த ஒண்டை, அந்தப் பழைய முத்திரையை நம்பி எடுக்கச் சொல்ல மாட்டன்.

அடுத்தது தோட்டா அறையின்ரை நீளம். ஆக்கள் ஏமாறுறது இதிலதான். பழைய இங்கிலீஸ் 12 போர் கனக்க இரண்டரை அங்குல அறை, அதாவது 65 மிமீ. இப்ப கடையில வாற தோட்டா பெரும்பாலும் 70 மிமீ. போட்டுப் பாத்தால் வடிவா உள்ளை போகும், துவக்கும் பூட்டும், "அளவு சரி" எண்டு நினைப்பியள். கோதிலை (தோட்டாவின்ரை வெளிக்கூட்டிலை) எழுதியிருக்கிற 70 வெடிச்ச பிறகு வாற நீளம். வாய் மடிச்சிருக்கேக்கை அது 60 மிமீக்குக் கிட்டத்தான். வெடிக்கேக்கை அந்த மடிப்பு விரிய இடம் வேணும். 65 மிமீ அறையிலை அது முன்னாலை ஒடுங்கிற இடத்துக்குள்ள போய் விரியும், சன்னமும் வாட்டும் (மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையிலை இருக்கிற அடைப்பு) அந்த நெருக்கத்துக்குள்ளாலைதான் வெளியேறவேணும். அழுத்தம் ஏறும். முதல் நாளே வெடிக்காது. உதை கூடும், பூட்டு மெல்ல மெல்ல ஆடத் தொடங்கும், ஒரு நாள் போகும். வெடிச்ச கோதை எடுத்து வாயைப் பாருங்கோ. விளிம்பு கிழிஞ்சு பிய்ஞ்சு இருந்தால் சந்தேகப்படுங்கோ.

எந்த அறை எண்டு எங்கை பாக்கிறது? முன்கட்டையைக் கழட்டி, குழலைப் பிரிச்சு, அடிப்பக்கத் தட்டையான இடத்தைப் பாருங்கோ. இரண்டரை, இரண்டேமுக்கால், இல்லாட்டி 65, 70 எண்டு குத்தியிருக்கும். பர்மிங்ஹாமில 1954 க்குப் பிறகு புகையில்லா மருந்துக்குச் சோதிச்சதுக்கு கிரீடக் குறிக்குக் கீழ "பிஎன்பி" இருக்கும். அந்த இடத்தை ஆரும் அரம் போட்டு வழிச்சிருந்தால் அங்கையே திருப்பிக் குடுத்திட்டு வாங்கோ.

இனி பூட்டு. வெறுந்துவக்கைப் பூட்டி, முன்கட்டையைக் கழட்டிப்போட்டு, பின்கட்டையை இறுக்கிப் பிடிச்சுக் குழலை மேலை கீழை, இடம் வலம் ஆட்டுங்கோ. "டக் டக்" எண்டு கேட்டால் பிணைச்சல் தேஞ்சிட்டுது. பிறகு வெளிச்சத்துக்கு நேரை பிடியுங்கோ. குழலின்ரை பின்விளிம்புக்கும் அது போய் முட்டுற முகப்புக்கும் இடையிலை வெளிச்சம் கீறாத் தெரிஞ்சால், வெடிக்கேக்கை தோட்டாவின்ரை குண்டி பின்னாலை நகரும், கேப் (குண்டி நடுவிலை ஊசி அடிக்கிற சின்ன மூடி) பிதுங்கும், சிலநேரம் கிழிஞ்சு காஸ் முகத்துக்கு வரும். தகரத்துண்டு வைச்சு இறுக்கித் தந்தது எண்டு ஒரு வகை இருக்கு. உருப்படாது.

குதிரை வைச்ச ஒற்றைக்குழலுக்கு ஒரு சோதனை. தோட்டா இல்லை எண்டு கண்ணாலையும் விரலாலையும் பாத்த பிறகு, குதிரையைப் பாதிக்கு இழுத்து நிப்பாட்டுங்கோ. விசையைத் தொடாமல் பெருவிரலாலை குதிரையை முன்னுக்கு நல்லாத் தள்ளுங்கோ. பிறகு தள்ளாமல் விசையை மட்டும் இழுங்கோ. ரெண்டிலை எதிலையாவது குதிரை விழுந்தால் அதைப் பிடிச்சு நிப்பாட்டுற கொளுவி தேஞ்சது, அந்தத் துவக்கு வேண்டாம். பழசு சிலதிலை குதிரை தானாப் பின்வாங்காது, கீழை விட்டால் ஊசியிலையே படுத்திருக்கும், ஊசி கேப்பிலை முட்டிக்கொண்டு நிக்கும். பரணாலை கைதவறி விழுந்தால் வெடிதான்.

குதிரை தெரியாத இரட்டைக்குழல் அதைவிடப் பத்திரம் எண்டும் நினைக்காதேங்கோ. கனக்கத் துவக்குகளிலை மேலை இருக்கிற பூட்டுத்தட்டு (சேஃப்டி) விசையை மட்டும்தான் மறிக்கும். உள்ளுக்குள்ள இழுபட்டு நிக்கிற சுத்தியலை மறிக்காது. ஏணியிலை ஏறேக்கை துவக்கை முறிச்சு, தோட்டாவை எடுத்துப்போட்டு ஏறுங்கோ.

காட்டுவழி:

அண்ணை சொன்னது எல்லாம் சரி, ஆனால் அது கடைத் துவக்கு. வன்னியிலை மோசமானது எண்டு கேட்டால் நான் கட்டுத்துவக்கைத்தான் (தடத்துக்குக் குறுக்காலை கம்பி கட்டி, அது இழுபட்டால் தானா வெடிக்க வைக்கிறது) சொல்லுவன். மற்றத் துவக்கு எல்லாத்துக்கும் பின்னாலை ஒரு மனுசன் பாத்துக்கொண்டு நிப்பான். இதுக்குக் கண் இல்லை. பண்டிக்கு எண்டு வைச்சது தேன் எடுக்கப் போனவனுக்கும், விறகுக்குப் போன மனுசிக்கும், மாடு தேடிப் போன பொடியனுக்கும் வெடிக்கும். ஆக்களுக்குப் படுறது அநேகமா முழங்காலுக்குக் கீழ. எலும்பு சிதறி, மண்ணும் துணியும் காயத்துக்குள்ள போய்க் கால் எடுக்கிற நிலைக்கு வரும். யானைக்குப் பட்டால் உடனை சாகாது, காயம் அழுகி மாதக்கணக்கிலை நொண்டித் திரிஞ்சு, அந்த வெறியிலை ஊருக்குள்ள வரும். சட்டப்படி முழுக்கக் குற்றம், லைசன்ஸ் எண்ட கதையே இல்லை.

காட்டுத்தடத்துக்குக் குறுக்காலை கம்பியோ நூலோ கண்டால் வெட்டவும் வேண்டாம், தளர்த்தவும் வேண்டாம். இழுத்தாலும் வெடிக்கும், விட்டாலும் வெடிக்கும் எண்டு நினைச்சு, வந்த தடத்தாலையே பின்வாங்குங்கோ. கிளை முறிச்சு அடையாளம் போட்டிட்டு 119 க்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கோ. ஆருக்கும் பட்டால் காயத்திலை துணியை வைச்சு முழுப் பலத்தோட அமத்திப் பிடிச்சுக்கொண்டு 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. மஞ்சளும் கோப்பித்தூளும் போடாதேங்கோ.

அதுக்கு அடுத்தது இடியன், குழல்வாயாலை மருந்தை இடிச்சு ஏத்துற துவக்கு. ஊரிலை செய்த இடியனுக்குக் குழல் எங்காலை வந்தது எண்டு கேளுங்கோ. தண்ணிக்குழாய் நீளத்துக்கு மூட்டு ஒட்டினது, வெடி அழுத்தத்துக்குச் செய்ததில்லை. மருந்து கையளவிலைதான் போகுது, ஒருக்காப் போட்டதை மறந்து ரெண்டாந்தரமும் போடுவினம். மூட்டாலை பிளக்கும், இல்லாட்டிப் பின்னடைப்பு புரியோட கழண்டு நெத்திக்கு வரும்.

இன்னொண்டு. நிலம் திருத்தேக்கை மண்ணுக்குள்ள இருந்து துவக்கு வந்தால் அது கிடைச்ச அதிர்ஷ்டம் இல்லை. பக்கத்திலை வேறை என்ன கிடக்கு எண்டு தெரியாது. விட்டிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கோ.

மகசின்:

பெரிய கம்பெனிகளும் குப்பை செய்திருக்கு எண்டுறதுக்கு ரெண்டு மூண்டு சொல்லுறன், படிக்கிறதுக்கு நல்லாயிருக்கும்.

வின்செஸ்டர் 1911 எண்டு ஒரு தானியங்கி 12 போர். தானியங்கித் துவக்குக்குப் பக்கத்திலை இழுக்கிற கைபிடியின்ரை காப்புரிமை பிரௌனிங்கிட்டை இருந்தது. அதாலை வின்செஸ்டர் கைபிடியே வைக்காமல், குழலையே பின்னுக்கு இழுக்கிற மாதிரிச் செய்தது. குழலிலை சொரசொரப்பா ஒரு இடம், அதைப் பிடிச்சுத்தான் இழுக்கவேணும். அந்தக் காலத்துக் கடதாசிக் கோது ஈரத்துக்கு ஊதி அறைக்குள்ள சிக்கும். சிக்கினால் ஆக்கள் என்ன செய்வினம்? கட்டையை நிலத்திலை ஊண்டி, குழலை ரெண்டு கையாலையும் கீழை அமத்துவினம், குழல்வாய் முகத்துக்கு நேரை. சிக்கின தோட்டா வெடிச்சுச் செத்த ஆக்கள் உண்டு. அமெரிக்காவிலை அதுக்குக் "கைம்பெண்ணாக்கி" எண்டே பேர். 1925 வரை ஏறத்தாழ 83,000 செய்தவை.

ஜப்பான்காரரின்ரை 94 ரகக் கைத்துவக்கிலை விசையை இணைக்கிற தண்டு இடப்பக்கம் வெளியிலையே தெரியும். பூட்டுத்தட்டு போடாமல் இருந்தால் விசையைத் தொடாமல் அந்தத் தண்டை அமத்தினாலும் வெடிக்கும். கனடாவின்ரை ரொஸ் ரைபிள் இலக்குக்குச் சுடத் திறம். 1915 இல, முதலாம் உலகப்போரிலை, பெல்ஜியத்து ஈப்பர்ச் சண்டையிலை சேத்திலை சிக்கி நிண்டது. அதின்ரை போல்ட்டைக் கழட்டிப் பிழையாப் பூட்டினாலும் உள்ளை போகும், பூட்டின மாதிரியே தெரியும், வெடிக்கும், பூட்டாத போல்ட் கண்ணுக்கு வரும். பிழையாப் பூட்ட இடம் குடுக்கிற சாமானை நான் எந்தக் காலத்திலையும் நம்பமாட்டன்.

குடலைக்கதிர்:

நன்றி. ரெண்டு கேள்வி. பழைய கடதாசித் தோட்டா கொஞ்சம் துவக்கோட வருதாம், பாவிக்கலாமோ? மற்றது, 16 போருக்குத் தோட்டா கிடையாது எண்டால் 12 போருக்குத் துளைச்சுத் தாறம் எண்டு சொல்லுகினம்.

ஒற்றைக்குழல்:

கடதாசித் தோட்டா ஊதியிருந்தால் அமத்தி ஏத்தாதேங்கோ. அடுப்படியிலை, வெயிலிலை காயவைச்சுப் பாவிக்கிற வேலையும் வேண்டாம். பித்தளையிலை பச்சை பிடிச்சிருந்தாலும் ஒதுக்கி வைச்சு, லைசன்ஸ் உள்ள கடையிலை ஒப்படையுங்கோ. ஈரம் ஏறின தோட்டாவிலை ரெண்டு ஆபத்து. ஒண்டு, "டிக்" எண்டிட்டுப் பிந்தி வெடிக்கிறது. குழலை வெறுவெளிப் பக்கம் பிடிச்சபடி 30 செக்கன் நில்லுங்கோ, பிறகு முகத்தை விலக்கித் திறவுங்கோ. மற்றது, "புஸ்" எண்டு சத்தம் குறைஞ்சு போறது. வாட் குழலுக்குள்ள நிண்டிருக்கும். பண்டி ஓடுது எண்டு அடுத்த தோட்டாவை விட்டால் குழலிலை மோதிரம் மாதிரி வீக்கம் விழும், இல்லாட்டி வாழைப்பழம் உரிச்ச மாதிரிப் பிரியும்.

எங்கடை பக்கம் வாட்டைவிடக் குளவி கூடாது. ஒரு கிழமை சும்மா நிண்ட குழலுக்குள்ள மண்கூடு கட்டிவிடும். ஒவ்வொரு இரவும் தோட்டா ஏத்த முன்னம் திறந்து வானத்தைப் பாருங்கோ. முழு வட்டமா வெளிச்சம் தெரியவேணும்.

20 போர்த் தோட்டா ஒண்டும் 12 போரோட ஒரே ரின்னிலை கிடக்கப்படாது. 20 போர் 12 இன்ரை அறைக்குள்ளாலை வழுக்கி முன்னாலை போய் நிக்கும். அறை வெறுமையாத் தெரியும், பின்னாலை ஒரு 12 ஐப் போட்டுச் சுட்டால் ரெண்டும் ஒரே நேரத்திலை. அதுக்காகத்தான் 20 போர்க் கோது மஞ்சள் நிறத்திலை வாறது.

16 போர்க் கதைக்கு வாறன். 16 இன்ரை குழல் 16.8 மிமீ, 12 இன்ரை குழல் 18.5. அறை அடியிலை 18.9 க்குக் கிட்ட இருக்கிறதை 20.6 ஆக்கவேணும். அப்பிடியெண்டால் ஆகக்கூடிய அழுத்தம் தாங்கிற இடத்திலை சுத்திவர 0.85 மிமீ இரும்பை வழிச்செடுக்கிறாங்கள். அறையை மட்டும் துளைச்சுக் குழலை விட்டால், 12 இன்ரை வாட்டும் சன்னமும் 16 இன்ரை குழலுக்குள்ளாலை நெரிஞ்சு போகும். குழலையும் துளைச்சால் சுவர் மெலிஞ்சிடும். சோதனை முத்திரையும் அதோட செல்லாது. தோட்டா கிடைக்காட்டி 16 போரை விடுங்கோ.

பாக்கிற ரெண்டிலை, நீங்கள் சொன்ன ஒற்றைக்குழல் பாதிக்கொளுவிச் சோதனையிலை நிண்டால் அதை லைசன்ஸ் உள்ள திருத்துனரிட்டைக் குடுத்துக் குழல்சுவரை அளப்பியுங்கோ. ஆக மெல்லிய இடத்திலை அரை மிமீக்குக் குறைஞ்சால் வேண்டாம். எழுத்து வேலையை முதல்ல முடியுங்கோ, லைசன்ஸ் ஆளுக்குத்தான், வருசா வருசம் புதுப்பிக்கவேணும். கைமாத்துக் காசு அதுக்குப் பிறகு.