கோயம்பேட்டில் சுத்திகரிக்கும் தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: கோயம்பேட்டில் கழிவுநீரை ஆர்ஓ வரை சுத்திகரிக்கிறார்களாமே, கோடையில் லாரிக்குக் காத்துக் கிடக்கும் எங்களுக்கு அதைக் கொடுத்தால் என்ன?

பதில்: அது தொழிற்சாலைகளுக்குங்க. கோயம்பேடு, கொடுங்கையூர் ஆர்ஓ நிலையங்கள் இரண்டும் 2019-இல் தொடங்கியவை, ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். முதலாவது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறது, மற்றது மணலிக்கு. ஆலைகள் இதை எடுக்க எடுக்க நல்ல தண்ணீர் நமக்கு மிஞ்சும்.

இன்னொரு பதில்: மிஞ்சும், சரி. ஆனால் குடிக்கவே முடியாது என்றில்லை, நமீபியாவின் விண்ட்ஹோக்கில் 1968 முதலே கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரோடு கலக்கிறார்கள். சிங்கப்பூரில் வறண்ட மாதங்களில் நீர்த்தேக்கத்தில் விட்டு, மறுபடி சுத்திகரித்த பிறகுதான் குழாய்க்கு வரும்.

கேட்டவர்: குடிக்க மனசு ஒப்பாது சாமி! கழிப்பறைக்குத் தனிக் குழாய் போட்டுக் கொடுத்தாலே போதும்.