பழைய ஹெட்போன், பழைய செற் – வன்னி

முள்ளியவளை தம்பி: [படம்] சென்ஹைசர் எச்.டி. 414. மஞ்சள் ஸ்பொஞ் தொட்ட உடனை பொடியாய்க் கொட்டுது. போனிலை போட்டா முணுமுணுக்கிற மாதிரித்தான் கேக்குது. டிரைவர் (உள்ளை சத்தம் போடுற குட்டி ஸ்பீக்கர்) போயிட்டுதோ அண்ணை?

பரந்தன் அண்ணை: டிரைவரைச் சந்தேகப்படாதையும். 414 வந்தது 1968இலை, காது ஒவ்வொண்டின்ர மின்தடையும் 2000 ஓம்ஸ். இப்ப போனோடை போடுறதுகள் 32 ஓம்ஸ் அளவு. போன் அரை வோல்ற்று குடுத்தா 32 ஓம்ஸுக்கு 8 மில்லிவாற்றுக்குக் கிட்டப் போகும். 2000 ஓம்ஸுக்கு 0.125 மில்லிவாற்றுத்தான். சத்தம் எப்பிடி வரும்?

மாங்குளம் அக்கா: முதல் மல்ரிமீற்றரிலை ஓம்ஸ் அளந்து பாரும் தம்பி. போனிலை செருகிற பின்னின்ர நுனி இடது, நடு வளையம் வலது, அடி பொது (ரெண்டு காதுக்கும் சேர்ந்த திரும்பு வயர்). 20 கிலோ ஓம்ஸ் ரேஞ்சிலை வையும். 2000 ரேஞ்சிலை வைச்சா கொஞ்சம் கூடினாலும் மீற்றர் 1 எண்டு காட்டும். வயர் அறுந்திட்டுதெண்டு நினைச்சுப்போடுவியள். முனை தொடேக்கை காதிலை "டிக்" எண்டு மெல்லிசாய்க் கேட்டா சுருள் நல்லாய் இருக்கு.

முள்ளியவளை தம்பி: இடது 1960, வலது 1980. ரெண்டிலையும் டிக் கேக்குது. ஆனா பின்னுக்குக் கிட்ட வயரை ஆட்டினா பாடுறவரின்ர குரல் மறைஞ்சு, வாத்தியம் மட்டும் கேக்குது.

மாங்குளம் அக்கா: அது பொது வயர் அறுந்த குணம். பொது போனா ரெண்டு காதும் தொடராய் இணைஞ்சிடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வாறது ஒண்டையொண்டு அழிச்சிடும். குரல் நடுவிலை இருக்கிறபடியால் அதுதான் முதல் போகும். பின்னிலை இருந்து 3 செ.மீ. வெட்டி எறிஞ்சுபோட்டு புதுப் பின் போடும்.

மாங்குளம் அக்கா: ஈயம் வைக்க முதல் பின்னின்ர மூடியை வயரிலை கோர்த்துப் போடும். உதை மறந்தா ஒட்டினதைத் திருப்பிக் கழட்டவேணும். உள் இழை தலைமயிர் மாதிரி மெல்லிசு. சிவப்பு, பச்சை எண்டு நிறமாய் இருந்தா அது வார்னிஷ், அதுக்கு மேலை ஈயம் பிடிக்காது. அயன் நுனியிலை ஈயக் குமிழ் ஒண்டு வைச்சு, ரோசின் தொட்டு, 360 பாகை அளவிலை இழையின்ர நுனியை அதுக்குள்ளை ரெண்டு மூண்டு செக்கன் பிடியும். வெள்ளியாய் மினுங்கினா காணும். கன நேரம் பிடிச்சா உறை உருகி உள்ளை ஒட்டிப்போகும். பிளேட்டாலை சுரண்ட வேண்டாம், இழை அறுந்திடும்.

வவுனியா ஐயா: வயர் சரிவந்த பிறகும் போனிலை சத்தம் காணாது. 70கள், 80களிலை வந்த அம்ப் (அம்பிளிஃபையர்) ஒண்டிலை போட்டுப் பாருங்கோ. அதுகளிலை கனக்க, ஸ்பீக்கர் வெளியீட்டையே 220, 330, 470 ஓம்ஸ் எண்டு ஒரு ரெசிஸ்ரருக்குள்ளாலை விட்டுத்தான் ஹெட்போன் சொக்கற்றுக்குக் குடுத்திருப்பினம். 2000 ஓம்ஸுக்கு அந்த 330 ஒரு பொருட்டில்லை. 32 ஓம்ஸ் ஹெட்போனை அதிலை போட்டாத்தான் பாஸ் (தாழ்ந்த சுரம்) கொழகொழத்துப் போகும்.

பரந்தன் அண்ணை: ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. யமஹா எச்பி-1 (1976) மாதிரித் தட்டைப் படலக்காரருக்கு (சுருள் தட்டைப் படலத்திலையே பதிஞ்ச ஹெட்போனுகளுக்கு) அந்தக் கரைச்சல் வராது. எல்லாச் சுரத்துக்கும் ஓம்ஸ் ஏறக்குறைய ஒண்டுதான், அதாலை ரெசிஸ்ரர் சத்தத்தைக் குறைக்கும், குணத்தை மாத்தாது.

விசுவமடு மாமா: ஏகேஜி கே 240 ஒண்டு விலைக்கு வருது. உதுவும் இப்பிடியோ?

பரந்தன் அண்ணை: எந்த 240 எண்டு கேளுங்கோ மாமா. செக்ஸ்ரெற், மொனிற்றர் ரெண்டும் 600 ஓம்ஸ். பிறகு வந்த ஸ்ரூடியோ 55 ஓம்ஸ், போனிலையே ஓடும். ஓட்டிலை எழுதியிருக்கும், படம் கேட்டு வாங்குங்கோ. அம்ப் இல்லாட்டில் கொஸ் போர்ட்டா புரோ (1984, 60 ஓம்ஸ்) எடுங்கோ. மலிவு, ஸ்பொஞ் மாத்திறதும் சுகம்.

முள்ளியவளை தம்பி: ஸ்பொஞ்சுக்குப் பதிலா தடிச்ச லெதர் கப் போடலாமோ?

பரந்தன் அண்ணை: போடாதையும்! 414இலை ஸ்பொஞ் டிரைவருக்கு முன்னாலை நேரை இருக்குது. தடிப்பு கூடினா காது தூரப்போகும், பாஸ் முதல் போயிடும். மஞ்சள் ஸ்பொஞ் இப்பவும் வாங்கலாம், அதே தடிப்பிலை எடும். பழைய பொடியைத் தலைகீழாய்ப் பிடிச்சு மெல்லிய தூரிகையாலை தட்டும். வாயாலை ஊதினா பொடி உள்ளை போய் படலத்திலை உரசும், பேந்து தாழ்ந்த சுரத்துக்கெல்லாம் கிர்ர் எண்டும். ஓட்டிலை ஒட்டின பிசினுக்கு ஐசோபுரோப்பைல் அற்ககோல் பஞ்சிலை தொட்டுத் துடையும், படலப் பக்கம் வேண்டாம்.

வவுனியா ஐயா: மாரி துவங்க முதல் சிலிக்கா ஜெல் பைக்கற் ரெண்டு போட்டு இறுக்கமான டப்பாவிலை வையுங்கோ. ஸ்பொஞ்சைத் தின்னுறது காத்திலை இருக்கிற ஈரம்தான்.

விசுவமடு மாமா: வீட்டிலை பழைய கசற் றேடியோவும் கிடக்கு. பற்றரி இல்லாத காலத்திலை ஒட்டின சைக்கிள் டைனமோ வயர் இன்னும் பின்னாலை தொங்குது. அதிலை ஹெட்போன் போடலாமோ?

வவுனியா ஐயா: முதல் அந்த வயரைப் பாருங்கோ. டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று, ஆனா மாறுமின்னோட்டம். நேரை செற்றுக்குப் போகாமல் இடையிலை நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் இருக்கவேணும். கப்பாசிற்றர் வீங்கியிருந்தா மாத்துங்கோ: 1000 மைக்ரோஃபராட், 25 வோல்ற்று. 10 வோல்ற்றுக்காரன் காணாது, வேகமாய் மிதிக்கேக்கை வோல்ற்று 6ஐத் தாண்டும். அடப்ரரிலை ஓட்டுறதெண்டா டைனமோ வயரை ஒட்டின இடத்திலையே கழட்டிப்போட்டு ரேப் சுத்துங்கோ.

மாங்குளம் அக்கா: சொக்கற் மோனோ எண்டா ஸ்ரீரியோ பின் இடது காதிலை மட்டும்தான் கேக்கும் மாமா. ஹெட்போனைப் பிரிக்க வேண்டாம். மோனோ பின் ஒண்டும் ஸ்ரீரியோ சொக்கற் ஒண்டும் வாங்குங்கோ. சொக்கற்றின்ர இடதையும் வலதையும் சேர்த்துப் பின்னின்ர நுனிக்கு, பொதுவை அடிக்கு. ரெண்டு 414 காதும் அப்பிடி 1000 ஓம்ஸாய் நிக்கும், றேடியோவுக்குப் பாரமே இல்லை.