மறு: ரீஅப்போர்ஷன்மென்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

> நாளிதழ்கள் எல்லாம் 'தொகுதி மறுவரையறை' என்றுதான் எழுதுகின்றன. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வணக்கம் ஐயா. நம் நாட்டுக்கு அது பொருந்தும். எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்பதும், தொகுதியின் எல்லை எந்த ஊரோடு முடிகிறது என்பதும் இங்கே அந்த ஒரே பெயருக்குள் அடக்கம். 1967 தேர்தலில் தமிழ்நாட்டுக்கு 41 போய் 39 ஆனதையும் அப்படித்தான் சொல்கிறோம். அமெரிக்காவில் இவை இரண்டு தனி வேலைகள். பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களை 50 மாநிலங்களுக்கும் பிரிப்பதுதான் ரீஅப்போர்ஷன்மென்ட், அது சென்சஸ் அலுவலகம் போடும் வெறும் கணக்கு, அதில் யாரும் வரைபடத்தைத் தொடுவதில்லை. தொகுதிகளுக்குக் கோடு கிழிப்பது (ரீடிஸ்ட்ரிக்டிங்) அப்புறம்தான், அதை மாநிலச் சட்டமன்றமோ தனி ஆணையமோ செய்யும், கோர்ட் கேஸ் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

மொன்டானாவையே பாருங்கள். 1990 கணக்கெடுப்பில் இரண்டில் ஒன்றை இழந்த பிறகு மாநிலம் முழுக்க ஒரே தொகுதி, வரையறுக்க எல்லையே கிடையாது. ஆனாலும் 2000, 2010 பிரிப்புகளில் அதன் எண்ணையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டார்கள். 2020 கணக்கெடுப்பில் இரண்டாவது இடம் திரும்பக் கிடைத்த பின்தான் மேற்கு, கிழக்கு என்று பிரித்தார்கள். 'மறுவரையறை' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது?

> 'தொகுதிப் பங்கீடு' அல்லது 'இட ஒதுக்கீடு' எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான், ஆனால் இரண்டுக்கும் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 'தொகுதிப் பங்கீடு' என்று தலைப்பு வைத்தால் படிப்பவர் கூட்டணிப் பேச்சுவார்த்தை என்று நினைத்து எந்தக் கட்சிக்கு எத்தனை சீட் என்று தேடுவார். 'இட ஒதுக்கீடு' பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என் பரிந்துரை 'உறுப்பினர் பங்கீடு', பத்தாண்டுக்கு ஒருமுறை நடப்பது 'உறுப்பினர் மறுபங்கீடு'. முந்தைய மடலில் வந்த 'உறுப்பினர் எண்ணிக்கை மாற்றம்' தவறில்லை, ஆனால் ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும் என்பது அதில் வரவில்லை. மொத்தம் 435 என்பது 1910 கணக்கெடுப்பிலிருந்து அப்படியே நிற்கிறது (அலாஸ்காவும் ஹவாயும் சேர்ந்தபோது கொஞ்ச காலம் 437). நியூயார்க்கில் 2010-க்கும் 2020-க்கும் இடையே மக்கள்தொகை கூடத்தான் செய்தது, ஆனாலும் 27 இடம் 26 ஆனது, ஏனென்றால் டெக்சாஸும் ஃபுளோரிடாவும் அதைவிட வேகமாக வளர்ந்தன. இன்னும் 89 பேர் நியூயார்க்கில் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தால், மற்ற மாநிலங்களின் எண்கள் மாறாத பட்சத்தில், அந்த இடம் தப்பித்திருக்கும், மின்னசோட்டா ஒன்றை இழந்திருக்கும். இதைப் பங்கீடு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது! வடகிழக்கிலிருந்தும் பெரிய ஏரிகளை ஒட்டிய தொழில் மாநிலங்களிலிருந்தும் மக்கள் தெற்குக்கும் மேற்குக்கும் நகர்ந்துகொண்டே இருப்பதால் இது பல பத்தாண்டுகளாக ஒரே திசையில் போகிறது. 1950 கணக்கெடுப்புப்படி நியூயார்க்குக்கு 43, ஃபுளோரிடாவுக்கு 8. இப்போது 26-ம் 28-ம்.

சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்றும் பார்த்துவிடலாம்: '1920 கணக்கெடுப்பில் நகர்ப்புற மக்கள் முதன்முறையாகப் பாதியைத் தாண்டியதும், கிராமப்புற உறுப்பினர்கள் இழுத்தடித்ததில் அந்தப் பத்தாண்டில் மறுபங்கீடே நடக்கவில்லை, 1929 சட்டம்தான் அதைத் தானாக நடக்கும் ஏற்பாடாக மாற்றியது.' எனக்கு இடறவில்லை. தனியாக 'மறுபங்கீடு' என்று சுருக்கினாலும் புரிகிறது.

ரீடிஸ்ட்ரிக்டிங்குக்கு 'தொகுதி மறுவரையறை' அப்படியே இருக்கட்டும். இடங்களைப் பிரிக்க 1941 முதல் பயன்பாட்டில் உள்ள கணக்கு முறையான ஈக்குவல் ப்ரொபோர்ஷன்ஸ் முறைக்கு 'சமவிகித முறை' என்று ஒரு மடலில் பார்த்தேன், அதில் எனக்குச் சில ஐயங்கள் உண்டு, யாராவது தனி இழை தொடங்கினால் அங்கே எழுதுகிறேன்.